ஓடினால் பஸ், நின்றால் வீடு

எனக்குக் கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும், வாய் பின்னால் வரும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இது எல்லோருக்கும் தெரியும். தோட்டத்து வாச்சருக்கு மட்டும் தெரியாமல் இருந்தது, நான் அவர் கையைக் கடிக்கும் வரைக்கும்.

சும்மா கடிக்கவில்லை. இலங்கையில், தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள் நான். நடுவில் சில வருஷம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது எங்களுக்கிருந்த ஒற்றை அறை லயத்துக் காம்பராவில் வீட்டுக்காரருடைய அண்ணனான மூத்தார் குடும்பம் பிள்ளை குட்டிகளோடு நெருக்கிக்கொண்டு கிடந்தது. என் வீட்டுக்காரர் தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற வேலை. படுக்க இடமில்லாமல் அங்கேயே ஒரு பெஞ்சில் படுத்துக்கொள்வார். கல்யாணம் கட்டி இத்தனை காலத்துக்குப் பிறகு, புருஷனும் பெண்சாதியும் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க ஓர் அறை வேண்டும் என்று நினைத்தது குற்றமா?

லயத்துக்குப் பின்னால் சிமெண்டுக் கல் அடுக்கி ஒரே ஓர் அறை எழுப்பினோம். தகரம் போடுவதற்குள் தோட்டத்து ஆட்கள் அலவாங்கோடு வந்துவிட்டார்கள். தோட்டத்து நிலத்தில் அனுமதியில்லாமல் எதுவும் கட்டக்கூடாதாம். என் கண் முன்னாலேயே சுவரைக் குத்திச் சாய்த்தார்கள். கல் வந்து அரிசி வாளியின் மேல் விழுந்தது. நான் பாய்ந்தேன். குறுக்கே வந்து பிடித்த வாச்சரின் கையில் பல்லைப் பதித்தேன். ரத்தம் உப்புக் கரித்தது. அதற்காக இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை.

தோட்டத்து மானேஜர், பெரிய தொரை, ஜீப்பை விட்டு இறங்காமலே பார்த்துக்கொண்டிருந்தார். சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார், திட்டும்போது இன்னும் நன்றாகப் பேசுவார்.

"அப்ப நாங்க எங்கங்கய்யா போய்ப் படுக்கிறது? ரப்பர் மரத்து மேலயா?" என்று கத்தினேன்.

"கட்டடம்னா ஒடைப்பேன்," என்றார். "வாகனம்னா நிப்பாட்டு. எத்தன பேர் த்ரீவீல் நிப்பாட்டியிருக்கான், நான் ஏதும் சொன்னேனா? ஓடுற சாமான் எனக்குப் பிரச்சினையில்ல. நிக்கிற சாமான்தான் பிரச்சினை."

எங்களை நக்கல் பண்ணத்தான் அதைச் சொன்னார். ஆனால் என் வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். அவர் அதிகம் பேசமாட்டார். பேசாத மனுஷனின் மண்டைக்குள் என்ன வேகிறது என்று சாமிக்கும் தெரியாது. கொஞ்ச நாளில் அவிசாவளையிலிருந்து ஒரு பழைய சின்ன பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். நான் குவைத்தில் ஊரான் வீட்டுக் கக்கூசைக் கழுவிச் சேர்த்ததெல்லாம் அந்த பஸ்ஸாக வந்து நின்றது.

சீட்டுகளைக் கழற்றி எறிந்தோம். பின்னால் கட்டில், நடுவில் காஸ் அடுப்பு, கூரையில் தண்ணீர் டாங்கி, ஜன்னலுக்கெல்லாம் என் பழைய சேலை. என் வீட்டுக்காரர் தன் டிரைவிங் சீட்டுக்கு மேல் முருகன் படம் மாட்டினார். முதல் நாள் உள்ளே படுத்துக் கதவை இழுத்துச் சாத்தியபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இவ்வளவுதானே ஐயா நாங்கள் கேட்டது!

பெரிய தொரை வந்து பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி நடந்தார். சொன்ன சொல்லைத் திருப்பி விழுங்க முடியவில்லை, முகம் சிவந்துபோய்விட்டது.

"சரி. ஆனா ஒரே எடத்துல நிக்கக்கூடாது," என்றார். "நின்னுச்சின்னா அது வீடு. வீடுன்னா பெக்கோ வரும்."

மண் தோண்டுகிற அந்த மஞ்சள் மெஷினைத்தான் பெக்கோ என்போம். அதன் வாளி ஒருமுறை குத்தினால் எங்கள் பஸ் அப்பளம். ஆகவே அந்த பஸ் ஓட வேண்டும். ஓடினால் எங்களுக்குக் கதவு உண்டு, கட்டில் உண்டு. நின்றால் மறுபடி அவர் பெஞ்சுக்கு, நான் மூத்தார் வீட்டு மூலைக்கு.

ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் வீடு ஊர்வலம் போனது. தோட்டத்து ரோட்டில் ஏறி, கடைவீதி வரைக்கும் போய், காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பி, வேறொரு இடத்தில் நிற்கும். லயத்துப் பயல்களுக்கு நல்ல கூத்து.

"என்னக்கா, வீடு இன்னைக்கு எங்க போவுது?"

"ஒங்கம்மா வீட்டுக்குடா, ஒனக்குப் பொண்ணு கேக்க!" என்று ஜன்னல் வழியாகக் கத்துவேன்.

இப்படிச் சிரித்துக்கொண்டு திரிந்தது கொஞ்ச நாள்தான். ஒரு ஞாயிறு, ரோடு வளைந்து ஏறுகிற மூன்றாம் முடக்கில் பஸ் இரண்டு தரம் இருமியது, குலுங்கியது, நின்றது. அடுப்பில் இருந்த பருப்புச் சட்டி என் காலில் கவிழ்ந்தது. நான் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கா எல்லாம் பறந்தது. கொஞ்ச நேரம் விட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. அடுத்த முடக்கில் மறுபடி செத்தது.

தெஹியோவிட்டயில் கராஜ் வைத்திருந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். மாவனல்லைப் பக்கத்து முஸ்லிம் ஆள், அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். சாமான் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கே வருவார். வாய் ஜாஸ்தி, கோபமும் ஜாஸ்தி. என்னிடம் வந்து மாட்டிக்கொண்டார், பாவம்.

முதலில் டீசல் பில்டரை மாற்றினார். "இனி ஒன்டுமில்ல தங்கச்சி, யாழ்ப்பாணம் போய் வரலாம்," என்றார். யாழ்ப்பாணம் இருக்கட்டும், மூன்றாம் முடக்கே தாண்டவில்லை. அடுத்து டீசல் பீச்சுகிற நொசல்களைக் கழற்றிக் கழுவினார். பிறகு குழாயில் எயார் பிடித்திருக்கிறது என்றார். பிறகு டீசல் பம்பே போய்விட்டது என்று வேறு பம்ப் கொண்டுவந்து மாட்டினார். ஒவ்வொரு தரமும் தட்டையான ரோட்டில் நன்றாக ஓடும். ஏற்றத்தில் மிதித்தால் மூச்சு அடைக்கும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மறுபடி உயிர் வரும். இது என்ன வியாதி என்று எவனுக்கும் தெரியவில்லை.

ஒவ்வொரு தடவை நின்றபோதும் எங்களுக்குள் அடிதடி வளர்ந்தது. அவர் இறங்கிப்போய் பஸ்ஸின் மூக்கில் உதைப்பார். நான் உள்ளேயிருந்து அகப்பையை எறிவேன். ஒரு நாள் ஒட்டுப்பால் வாளியைத் தூக்கி முன் கண்ணாடியிலேயே அடித்துவிட்டேன், கண்ணாடி குறுக்கே கீறிக்கொண்டது. கோயில் மாடு மாதிரி இருந்த மனுஷன் அன்றைக்கு என்னைப் பிடித்துத் தள்ளினார். நான் எழுந்து வந்து அவர் சட்டையைக் கிழித்தேன். பக்கத்து லயத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிறகு நானே அந்தச் சட்டையைத் தைத்துக் கொடுத்தேன்.

பம்ப் மாற்றியும் பஸ் நின்ற அன்றைக்கு நானா பொறுமையிழந்தார்.

"தம்பி, மறைக்காமச் செல்லுங்க. டீசல்ல மண்ணெண்ணெய் கலக்குறீங்கதானே?"

"இல்ல," என்றார் என் வீட்டுக்காரர்.

"பொய் செல்லப்போடாது. வண்டிக்கு நஞ்ச குடுத்துப்போட்டு என்னைக் கூப்பிட்டா நான் என்னத்தப் புடுங்க?"

பொய் என்று சொல்லி முடித்ததுதான் தாமதம், என் வீட்டுக்காரர் ஒரு குத்து விட்டார். நானா சும்மா வாங்கிக்கொள்கிற ஆளா? கையிலிருந்த ஸ்பேனரால் வீசினார். இவர் விலகினார், பக்கக் கண்ணாடி தூள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு ரோட்டோரத்துத் தண்ணீர்க் காணுக்குள் உருண்டார்கள். இவருடைய உதடு பிளந்து முன்பல் ஆடியது. புருஷன் வாயில் ரத்தத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் தெரியவில்லை. குக்கர் மூடியை எடுத்து நானாவின் நெற்றியில் ஒரே போடு. நெற்றியைப் பொத்திக்கொண்டு எழுந்து, சாமான் பெட்டியைக்கூட எடுக்காமல் போனார்.

அதோடு பஸ் லயத்துக்குக் கீழே, ரோட்டோரத்து ரப்பர் மரத்தடியில் நின்றது. இன்னொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டால், "அந்த அடிகாரப் பொம்பளை வீட்டுக்கா?" என்று சொல்லி வர மறுத்தான். மழை பெய்தது, வெயில் அடித்தது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒரு நாள் வந்து குனிந்து, டயரைச் சுற்றி முளைத்திருந்த புல்லைப் போனில் படம் எடுத்தார். என்ன எழவுக்கு என்று கேட்டேன்.

"டயர்ல புல்லு மொளச்சா அது வாகனமா அக்கா? தொரை காட்டச் சொன்னார்," என்றார். "திங்கட்கெழம காலைல பெக்கோ வருது. என் மேல கோவிச்சுக்கிடாதீங்க." சொல்லிக்கொண்டே நாலு அடி தள்ளி நின்றுகொண்டார். வாச்சர் கை அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

சனிக்கிழமை நானே கராஜுக்குப் போனேன். நானாவின் நெற்றியில் பிளாஸ்டர். என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த கம்பியைத் தூக்கிக்கொண்டார்.

"திங்கட்கெழம எங்க வீட்ட ஒடைக்கப் போறாங்க நானா," என்றேன். 

அவர் கம்பியைக் கீழே போட்டார். "நீங்க அடிச்சது மண்டையில தங்கச்சி. அந்த வண்டி என்ட மானத்துல அடிச்சிப்போட்டுது. நான் வாறேன், ஆனா ஒங்கட வீட்டுக்காரர் வாயத் தொறக்கப்போடாது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். எஞ்சின் பக்கமே போகவில்லை. பஸ்ஸுக்கு அடியில் படுத்து, டீசல் டாங்கியைக் கழற்றிக் கீழே இறக்கினார். குழாய் வாய் வழியாக டீசலை வாளிக்குள் கவிழ்த்தார். கொஞ்சம் கறுப்பாக வந்தது, பிறகு வருவது நின்றது. டாங்கியை ஆட்டினால் உள்ளே கொளகொளவென்று ஏதோ புரண்டது. டாங்கியின் மேலே இருந்த பெரிய மூடியைத் திருகி எடுத்துக் கையை விட்டார். முகம் மாறியது. கையை மெதுவாக இழுத்தார். கறுத்து, ஊதி, இழை இழையாக நீண்டு ஒரு சாமான் வந்தது. வந்துகொண்டே இருந்தது.

"யா அல்லாஹ், இது என்னத்த?" என்றார். "பாம்பா?"

எனக்கு அதைத் தொட்டுப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பதினைந்து வயசிலிருந்து இதை உரித்துச் சம்பாதிக்கிறவள். டீசலில் ஊறி எவ்வளவு கறுத்திருந்தாலும் ரப்பர் பால் ரப்பர் பால்தான்.

திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கள் ஆட்களுக்கு ரப்பர் பால்தான் எல்லாவற்றுக்கும் மருந்து. வாளி ஒழுகினால் பால் பூசுவோம், தகரம் ஒழுகினால் பால் பூசுவோம், செருப்பு அறுந்தால் பால் வைத்து ஒட்டுவோம். பஸ் வாங்கிய போதே டாங்கியின் அடியில் பொட்டு வெடிப்பு இருந்திருக்கிறது. மனுஷன் அதைக் கழற்றி ஸ்டோருக்குக் கொண்டுபோய், உள்ளே பாலை ஊற்றி உருட்டி, அசிட் விட்டு உறையவைத்து, ஷீட்டுகளோடு சேர்த்துப் புகை அறையில் காயவைத்திருக்கிறார். பிறகு கொண்டுவந்து மாட்டிவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. நானாவிடமும் சொல்லவில்லை. ஒழுகுவதை அடைத்தால் அது பழுதா, அது திருத்தம்தானே என்பது அவர் எண்ணம்.

"தண்ணி ஊத்திப் பாத்தேன்," என்றார் மெல்ல. "ஒரு சொட்டுக்கூட ஒழுகல."

"தண்ணியிலயா பஸ் ஓடுது, பாவி மனுஷா!" என்று கத்தினேன். அந்த ஈர ரப்பரைப் பிடுங்கி அவரை விளாசினேன். முதுகில், தோளில், கன்னத்தில். நாற்றமடித்த கறுப்பு டீசல் இரண்டு பேர் மேலும் தெறித்தது. அவர் கையைத் தூக்கி மறைக்கக்கூட இல்லை. வாங்கிக்கொண்டு நின்றார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

நானா என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டு, அவர் முன்னால் போய் நின்று, பளாரென்று ஓர் அறை கொடுத்தார். "இது அந்த மண்ணெண்ணெய்ச் சண்டைக்கு," என்றார். "கணக்குத் தீர்ந்திச்சி. இப்ப வெளங்கிச்சா? எஞ்சின் இழுக்கிற நேரம் இந்தச் சனியன் வந்து குழாய் வாயில ஒட்டுது. நிப்பாட்டினா விழுந்திடுது. நான் ஒரு மடையன், பம்ப மாத்துறேன்!" சொல்லிவிட்டுக் கெக்கெக்கென்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

டாங்கியைச் சுத்தம் பண்ணி வெடிப்பை ஒட்ட இரண்டு மூன்று நாளாவது வேண்டும். எங்களுக்கு விடிந்தால் திங்கள். நானா எஞ்சின் பக்கத்துக் குழாய்களைக் கழற்றி ஊதிக் கழுவினார். ஒரு பிளாஸ்டிக் கேனில் புது டீசல் ஊற்றி, அதிலிருந்து நேராக ஒரு குழாயை பம்புக்கு இழுத்தார். "கேன ஒசத்திப் புடிச்சிக்கோங்க தங்கச்சி. கையக் கீழ விட்டா முடிஞ்சி," என்றார்.

திங்கட்கிழமை காலை பெக்கோ வந்தது. அதை ஓட்டி வந்தவன் சிங்களப் பையன். பின்னால் பெரிய தொரையின் ஜீப், அதற்குப் பின்னால் வாச்சர்மார். நாங்கள் உள்ளே இருக்கிறோம் என்று தெரிந்தும் பெக்கோ வாளியைத் தூக்கியது. நான் டிரைவிங் சீட்டுக்குப் பின்னால் கேனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எடுங்க! எடுங்க!" என்று அலறினேன்.

அவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் கரகரத்தது, பிடிக்கவில்லை. பின் கண்ணாடி உடைந்து கட்டில் முழுக்கக் கொட்டியது. வாளியின் பல் உள்ளே வந்து ஜன்னலில் தொங்கிய சேலையில் ஒன்றைக் கிழித்துக்கொண்டு போனது. மறுபடி திருப்பினார். எஞ்சின் உறுமியது. டயரைச் சுற்றியிருந்த புல் வேரோடு பிய்ந்தது. பஸ் முன்னால் பாய்ந்தது.

முதல் முடக்கு ஏறியது. இரண்டாவது ஏறியது. மூன்றாம் முடக்கில் நான் கேனைக் கீழே விடவில்லை, டீசல் என் மார்பில் வழிகிறது. அதிலும் ஏறியது! லயத்து வாசலில் நின்றவர்களெல்லாம் விசிலடித்தார்கள். "தாயே, முருகா, நானா!" என்று நான் கத்தினேன். மெயின் ரோட்டு வரைக்கும் போய், பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வந்தோம். ஓடிக் காட்டியாயிற்று. இனி எவன் வாயைத் திறப்பான்?

திரும்பி வந்தபோது பெக்கோ வேலை செய்துகொண்டிருந்தது. லயத்துக்குப் போகிற ரோட்டுக்குக் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் காண் வெட்டிக்கொண்டிருந்தது. ஆள் தாண்டலாம். பஸ் தாண்ட முடியாது. பெரிய தொரை ஜீப்பில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"ஓடுதுதானே?" என்றார். "நல்லா ஓடுது. வாகனத்துக்குத் தோட்டத்துக்குள்ள என்ன வேலை? ரோட்டுல ஓடட்டும்."

நான் கேனைப் போட்டுவிட்டு இறங்கினேன். கையில் எதுவும் இல்லை, கைதான் இருந்தது. ஆனால் எனக்கு முன்னால் என் வீட்டுக்காரர் போய்விட்டார். வாயைத் திறக்காத மனுஷன், நான் அடித்த அடியை மறைக்காமல் வாங்கிக்கொண்ட மனுஷன், வெட்டின காணுக்குள் குதித்து, வாளிக்கு நேரே கீழே நின்றுகொண்டார்.

பெக்கோப் பையன் எஞ்சினை நிறுத்தினான். "மட்ட பே சேர்," என்றான். என்னால் முடியாது என்று சொன்னான். சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

வாச்சர்மார் நிறுத்தவில்லை. காணுக்குள் இறங்கி அவரைத் தடியால் அடித்தார்கள். நான் ஒருவன் முதுகில் ஏறிக் காதைப் பிடித்து இழுத்தேன். யாரோ என் தலைமயிரைப் பிடித்து மண்ணில் போட்டார்கள். அவருடைய வலது கை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. லயத்து ஆட்கள் ஓடி வந்து பிரிக்கும்போது, அவர் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு காணுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து வரமாட்டேன் என்றார். நான்தான் கெஞ்சிக் கூட்டி வந்தேன்.

பொலிஸில் இரண்டு பக்கமும் சமாதானமாகப் போகச் சொன்னார்கள். கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். நானா வந்து பஸ்ஸைத் தன் கராஜுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே நிற்கலாம் என்று சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. உடைந்த ஜன்னலுக்குத் தகரம் வைத்துக் கட்டினோம். அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டிவிட்டேன்.

"இன்னும் கோவமா புள்ள?" என்று கேட்டார்.

"சாப்பிடுங்க," என்றேன். அந்த மனுஷன் மேல் எனக்கு எவ்வளவு ஆசை இருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.  அடுத்த கவளத்தை உருட்டி அவர் வாயில் வைத்தேன்.

அவர் கை கூடும் வரைக்கும் யாராவது உழைக்க வேண்டும். விடியக் காலையில் எழுந்து நடந்தேன். வெட்டின காணைத் தாண்டிக் குதித்து, பெரட்டுக் களத்தில் போய் நின்றேன். கணக்கப்பிள்ளை வேலைக்கு வந்தவர்களின் பேரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். என் பேரை மட்டும் தலை நிமிராமல் கூப்பிட்டார். பெரிய தொரை பக்கத்தில்தான் நின்றார். என் வாயில் இன்னும் மண் ருசித்தது.

"வந்திருக்கேங்கய்யா," என்றேன். கத்தியை எடுத்துக்கொண்டு போய் அவர்களுடைய மரத்தில் பால் வெட்டினேன்.